நோன்பு லீவு முடிந்த முதல் நாள்

மகன், உனக்கு என் ஸலாம். அதற்குப் பதில் சொல்வது கடமை. அந்த ஒன்றையாவது உன்னிடம் நம்பிக் கேட்கலாம் என்பதால் அதிலேயே தொடங்குகிறேன். நேற்று கெம்பஸுக்குத் திரும்பிப் போகுமுன் உன் வாப்பாவின் கையில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். என் கையில் தரவில்லை. நான் அடுக்களையில் உனக்குச் சோறு கட்டிக்கொண்டுதான் நின்றேன், கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். பார்சலை வாங்கிக்கொண்டு "போய்ட்டு வாறன் உம்மா" என்றாய், மோட்டார் சைக்கிளில் ஏறினாய். நீ தெரு முனை திரும்பிய பிறகுதான் வாப்பா சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தார். "மகன்ட செயற்றிட்டப் புத்தகத்துக்குக் கடைசித் தாளாம். வகுப்பு டீச்சர்ட கையொப்பம் இல்லாட்டி கெம்பஸ்ல எடுக்க மாட்டாங்களாம். போட்டுத் தா புள்ள, நான் கொண்டு குடுக்கணும்" என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீ அவ்வளவுதான் சொல்லியிருக்கிறாய்.

தாளை வாசித்தேன். இந்தச் செயற்றிட்டம் எனது வகுப்பில், இதில் விவரிக்கப்பட்டவாறே நடைபெற்றது என உறுதிப்படுத்துகிறேன் என்று இருக்கிறது. கீழே ஒரு புள்ளிக்கோடு. வகுப்பாசிரியர் நான், ஆய்வு செய்தவன் நீ. நான் எழுதினால் நீ கல்விமாணிப் பட்டதாரி. எழுதாவிட்டால் இத்தனை வருடம் நீ படித்த படிப்பு அந்தப் புள்ளிக்கோட்டில் தொங்கிக்கொண்டு நிற்கும். நேற்றிலிருந்து அது சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. உன் வாப்பா போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார். ஏன் போடவில்லை என்று அவருக்கு என்னால் சொல்ல முடியவில்லை. உன்னைப் பற்றி அவரிடம் குறை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நீ இந்த வீட்டை விட்டுப் போவது எனக்குப் புதிதல்ல. இந்தக் கரையோர ஊர்களில் ஆண்பிள்ளையைப் பெற்றவள் அவன் தவழும்போதே தெரிந்துவைத்திருக்கிறாள், இவன் இன்னொருத்தி வீட்டுக்குப் போகப்போகிறவன் என்று. மருதமுனையில் உனக்குப் பெண் தருகிறவர்கள் வீட்டுக்கு மாபிள் பதித்து, ஜன்னலுக்குத் திரைச்சீலையும் போட்டுவிட்டார்கள். பட்டம் கையில் வந்ததும் கலியாணம். அதன்பிறகு நீ இங்கே வந்தால் நான் உன்னை விருந்தாளியாகத்தான் உட்கார வைத்துத் தேத்தண்ணி தரவேண்டும். அதற்கெல்லாம் நான் தயாராகத்தான் இருந்தேன். உனக்குப் பிடித்த ஊறுகாயைக்கூட மாதம் ஒரு போத்தல் அனுப்புவதாகப் பேசி வைத்தாயிற்று. ஆனால் கலியாணத்துக்கு முன்பே, எனக்குச் சொல்லாமல், என் வகுப்புக்குள் வைத்தே நீ என்னை விட்டுப் போய்விட்டாய். அதற்கு நான் தயாராக இருக்கவில்லை.

கற்பித்தல் பயிற்சிக்கு உனக்கு முதலில் கிடைத்த பள்ளிக்கூடம் சொறிக்கல்முனைப் பக்கம் என்பது நினைவிருக்கிறதா? பஸ் வசதி இல்லை, வெயில், அலைச்சல் என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாய். நான்தான் அதிபரிடம் போய் நின்றேன். "சேர், என்ட தரம் இரண்டுல மகன் செய்யட்டும்" என்று கேட்டேன். உன் அலைச்சலைப் பார்த்துத்தான் கேட்டேன் என்று இதுவரை எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். உள்ளதைச் சொன்னால், தாயும் மகனும் ஒரே வகுப்பில் படிப்பிப்பதை ஊர் பார்க்கவேண்டும் என்ற பெருமையும் எனக்குள் இருந்தது. அந்தப் பெருமைக்கு நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீ சொறிக்கல்முனைக்கே போயிருந்தால், அது தமிழ்ப் பள்ளிக்கூடம், அங்கே நோன்பு லீவும் இல்லை, இந்தக் கடிதமும் இல்லை.

உன் வாசிப்பு அட்டைகளை நாம் எல்லாரும் சேர்ந்துதான் செய்தோம். வீட்டில் குவிந்து கிடந்த பழைய கலியாணக் கார்டுகளை நான் வெட்டினேன், நீ மார்க்கரால் எழுத்தெழுதினாய். மாவடிப்பள்ளி வயலிலிருந்து வந்த வாப்பா கால்கூடக் கழுவாமல் குந்தியிருந்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் நிறம் தீட்டினார். அவருடைய மாட்டைப் பார்த்து நீ "இது என்ன வாப்பா, முயலா?" என்று கேட்க, "வகுப்புல புள்ளைகள் கண்டுபிடிக்கட்டும், அதுதானே படிப்பு" என்றார் அவர். அன்றைக்கு இந்த வீட்டில் சிரித்த சிரிப்பு. மறுநாள் நீ கல்முனைக்குப் போய் எல்லாவற்றையும் லெமினேட் செய்துகொண்டு வந்தாய். நானும் ஒரு சின்னப்பிள்ளை மாதிரி அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பிறகு அந்த நாள். நோன்பு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள். அட்டைகளைக் காட்டுமுன் பிள்ளைகள் எவ்வளவு வாசிக்கிறார்கள் என்று அளக்க, நீ முன்சோதனைத் தாள்களோடு வகுப்பு வாசலில் நின்றாய். நான் உன்னை ஓரமாக இழுத்துச் சொன்னேன்: "இண்டைக்கு வேணாம் மகன். புள்ளைகள் இன்னும் நோன்பு நித்திரையிலதான் இரிக்கி. ஒரு கிழமை போகட்டும்." நீ என் முகத்தைப் பார்க்காமல் தாள்களைத் தட்டி ஒழுங்கு செய்துகொண்டே, "மெடம் திகதி குறிச்சிட்டாங்க உம்மா, மாத்த ஏலாது" என்றாய். உன்னை மேற்பார்க்கிற கெம்பஸ் மெடம் குறித்துவிட்டால் என்ன செய்வது? நான் விலகி நின்றேன். என் வகுப்புப் பிள்ளை அஸ்ராவின் தலை மேசையில் சாய்ந்திருந்தது. கடைசி வரிசைப் பையன் வாசிப்புத் தாளில் விரலை வலது பக்கத்தில் வைத்துவிட்டு, எழுத்து ஏன் தன்னோடு வரவில்லை என்று விழித்துக்கொண்டிருந்தான். ஒரு மாதம் முழுக்க வலமிருந்து இடமாகக் குர்ஆன் ஓதிய விரல், பாவம், பழகிய பக்கத்திலிருந்துதான் தொடங்கியது.

இதை உனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நீயே அப்படி வந்து நின்றவன். உன் இரண்டாம் வகுப்பில், பெருநாள் கழிந்து பள்ளிக்கூடம் போன அன்று மத்தியானம் அழுதுகொண்டு வந்தாய். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பி, இரவு தராவீஹ் தொழுகை முடியும்வரை பள்ளிவாசல் முற்றத்தில் ஓடி விளையாடி, பகலெல்லாம் தூங்கிய பிள்ளைக்கு 'மரம்' என்ற சொல் போய்விட்டது. டீச்சர் ஏசினாராம். நான் உன்னை மடியில் வைத்துக்கொண்டு, "அது மறக்கல்ல மகன், நித்திரையில கிடக்கு. தானா எழும்பி வரும்" என்றேன். ஒரு கிழமைக்குள் எழும்பி வந்தது. ஒவ்வொரு பெருநாளும் நான் இந்தக் கதையைச் சொந்தக்காரருக்குச் சொல்ல, நீ காது சிவந்து எழுந்து போவாய். எங்கள் பள்ளிக்கூடங்களில் படிப்பிக்கும் எந்த டீச்சரைக் கேட்டாலும் சொல்லுவார், நோன்பு லீவு கழிந்து முதல் கிழமை பிள்ளைகளை எழுப்புவதற்கு, படிப்பிப்பதற்கல்ல என்று. அதனால்தான் முதல் நாளில் யாரும் சோதனை வைப்பதில்லை.

உன் செயற்றிட்டத்தைப் பள்ளிக்கூடத்துக்கு முன்வைத்த அன்று நான் என் நல்ல அபாயாவை உடுத்திக்கொண்டு வந்தேன். மண்டபத்தில் ஆசிரியர்கள், பெற்றோர், உன் மேற்பார்வையாளரான மட்டக்களப்பு மெடம். முன் வரிசையில் எனக்கு இடம் போட்டிருந்தார்கள், மகனுடைய நாள் என்று. புரொஜெக்டரில் முதல் படம் வந்தது. கரும்பலகைக்கு முன்னால் ஒரு பெண்ணின் முதுகு. மேலே "மரபுவழிக் கற்பித்தல்: வகுப்பறையின் பிரதான பிரச்சினை" என்ற தலைப்பு. முகம் தெரியாமல்தான் எடுத்தேன் என்று பிறகு நீ சொன்னாய். இந்த ஊரில் என் முதுகைத் தெரியாதவர் யார் மகன்? அந்த மண்டபத்தில் இருந்த பெற்றோரில் பாதிப் பேர் என் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் அ, ஆ எழுதப் பழகியவர்கள். எனக்குப் பின்னால் யாரோ வாய்க்குள் சிரித்தது கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த படத்தில் பிள்ளைகளின் புள்ளிகளைக் காட்டும் இரண்டு கம்பங்கள். முன்சோதனை என்று ஒரு குட்டைக் கம்பம். உன் அட்டைகளுக்குப் பிறகு, பின்சோதனை என்று ஒரு நெட்டைக் கம்பம். வகுப்பாசிரியரின் முறையால் வாசிக்க இயலாதிருந்த மாணவர்கள் ஆய்வாளரின் தலையீட்டால் வாசிக்கத் தொடங்கினார்கள் என்று நீ சொல்லச் சொல்ல, பெற்றோர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், மகன். மகன் பேசும்போது தாய் தட்டாமல் இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அந்தக் குட்டைக் கம்பத்துக்குள் என் பிள்ளைகளின் நோன்பு நித்திரை இருக்கிறது என்பது அந்த மண்டபத்தில் உனக்கும் எனக்கும் தெரியும். மெடத்துக்குத் தெரிய நியாயமில்லை. அவருடைய ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் அந்த லீவே கிடையாது. மற்ற டீச்சர்மாருக்கோ நீ சோதனை வைத்த நாள் எதுவென்று தெரியாது, படத்தில் திகதி போடாமல் விட்டிருந்தாய்.

அப்போதுகூட நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. திகதி குறித்தது மெடம், மகன் என்ன செய்வான் என்றுதான் மனத்தைத் தேற்றிக்கொண்டேன். தேத்தண்ணி நேரத்தில் அவரிடம் நானே போய்ப் பேச்சுக் கொடுத்தேன். "நீங்க இன்னும் கொஞ்சம் தள்ளித் திகதி குடுத்திருந்தா நல்லாயிருந்திருக்கும் மெடம்" என்றேன். அவர் நல்ல மனுஷி. வியந்துபோய்ப் பார்த்தார். "நாங்க திகதி குறிக்கிறல்லியே டீச்சர். முழுத் தவணையையும் குடுத்தம், உங்களுக்கு வசதியான நாளில செய்யுங்க எண்டு. உங்கட மகன் வலு சுறுசுறுப்பு. பள்ளிக்கூடம் திறந்த முதல் நாளே வச்சிட்டார்" என்று உன்னைப் புகழ்ந்தார். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் செயற்றிட்டம் அன்றே முடிந்திருக்கும். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "ஓம் மெடம், சின்ன வயசிலேயே சுறுசுறுப்புத்தான்" என்றேன்.

அடுத்த கிழமை பெற்றோர் சிலர் என்னை மாற்றச் சொல்லி அதிபரிடம் போயிருக்கிறார்கள். அவரை நான் குறை சொல்லமாட்டேன், அவரும் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்லுவார். என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மேசையில் இருந்த கண்ணாடிக் குண்டை உருட்டிக்கொண்டே, "டீச்சர், நீங்களும் களைச்சுப் போனீங்க. வாற வருஷம் நூலகத்தப் பாருங்களேன். தரம் இரண்ட இளம் ஆளுக்குக் குடுப்பம்" என்றார். உன் முன்வைப்பைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை, அது அவருடைய மரியாதை. அந்த வகுப்புப் பிள்ளைகள் அல்லாஹ் என்னிடம் ஒப்படைத்த அமானிதம் என்று ஒவ்வொரு வருடமும் மனத்தில் நிய்யத் வைத்துத் தொடங்கினவள் நான். ஓய்வு பெறும் நாள்வரைக்கும் சோக்கட்டி பிடித்த கையோடுதான் இருப்பேன் என்று நினைத்திருந்தேன். இனி அலமாரித் தூசி தட்டலாம்.

அன்று பின்னேரம் உன்னிடம் கேட்டேன். சண்டை பிடிக்க வரவில்லை, உண்மையில் நீ இல்லை என்று சொல்லிவிடுவாய் என்ற ஆசையோடுதான் வந்தேன். "முதல் நாளத் தேர்ந்தது நீயா, மகன்?" என்று கேட்டேன். நீ போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆய்வெண்டா ஒரு பிரச்சினை வேணும் உம்மா. வித்தியாசம் காட்டாட்டி புள்ளி வராது."

"அதுக்கு நான்தானா பிரச்சினை?"

"உங்கட பேர நான் எங்கயும் போடல்லியே."

"வகுப்பாசிரியர் எண்டு போட்டிரிக்கியே. நம்மட பள்ளிக்கூடத்துல தரம் இரண்டுக்கு வேற ஆரு வகுப்பாசிரியர்?"

அப்போதுதான் நீ நிமிர்ந்து பார்த்தாய். பார்த்துவிட்டு, எவ்வளவு பொறுமையாக, எவ்வளவு நியாயமாகச் சொன்னாய்: "உங்களுக்கு இன்னும் கொஞ்சக் காலம்தானே சேர்விஸ் இரிக்கி உம்மா. எனக்கு முழு வாழ்க்கையும் கிடக்கு." நான் அடுக்களைக்குப் போனேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து போயிருந்தது. துடைத்தேன். கோபம் வந்தால் நான் சத்தம் போடுகிறவள் என்று உனக்குத் தெரியும். அன்று சத்தம் வரவில்லை. என் வயிற்றில் பிறந்தவன் என்னைக் கணக்குப் பார்த்து, மிச்சம் குறைவு என்று கழித்துவிட்டான் என்ற நினைப்போடு துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இது என் கோபத்துக்கு உதவாத விஷயம். உன் அட்டைகள் உண்மையாகவே வேலை செய்தன. மற்றப் பிள்ளைகளை விடு, அவர்கள் எப்படியும் விழித்திருப்பார்கள். ஆனால் அஸ்ரா நோன்புக்கு முன்பும் வாசித்தவள் அல்ல. நான் சொல்லிக் கொடுத்தும், மிரட்டியும், இனிப்புக் கொடுத்தும் அவளுடைய வாயிலிருந்து ஒரு எழுத்து வரவில்லை. நீ அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தாய். வாப்பாவின் முயல் மாட்டை அவளிடம் கொடுத்து இது என்ன என்று கேட்டாய். அவள் சிரித்துவிட்டு, கீழே இருந்த எழுத்துகளைத் தடவி, "மாடு" என்று வாசித்தாள். நான் வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினேன், கண்ணில் தூசி என்று பக்கத்து வகுப்பு டீச்சருக்குச் சொன்னேன். உனக்கு வேலை தெரியும், மகன். என்னைவிட நல்ல டீச்சராக வருவாய் என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. அந்த ஒரு பிள்ளையை எழுதியிருந்தால் போதும். என் முறை அவளிடம் தோற்றது, உன் முறை வென்றது என்று பெயர் போட்டே எழுதியிருக்கலாம். மண்டபத்தில் எழுந்து நின்று ஓம் என்று நானே சொல்லியிருப்பேன். ஒரு பிள்ளை மட்டும் என்றால் கம்பம் உயராது என்று பயந்துவிட்டாய். உன் படங்களில் அஸ்ராவைத் தேடினேன், இல்லை. எல்லாரோடும் சேர்த்து அவளையும் நெட்டைக் கம்பத்துக்குள் போட்டுவிட்டாய்.

இன்று காலை வாப்பா மறுபடியும் கேட்டார். "என்ன புள்ள இது, பெத்த தாய் மகன்ட பட்டத்த மறிச்சா ஊர் என்ன செல்லும்? மருதமுனை ஆக்கள் என்ன செல்லுவாங்க? அவன் உன்னோட ஏதும் கதைச்சா மன்னிச்சு விடு, சின்னப்புள்ள" என்றார். உன் வயதில் அவருக்கு நீ பிறந்துவிட்டாய். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் போடாவிட்டால் நீ இன்னொரு வருடம் காத்திருக்கவேண்டும், கலியாணம் தள்ளிப்போகும், பெண் வீட்டில் ஏதாவது பேசுவார்கள். உன் முகம் வாடினால் எனக்குச் சோறு இறங்காது, அது உனக்கும் தெரியும். அதை நம்பித்தானே தாளை வாப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாய். உம்மா போடுவாள், போடாமல் எங்கே போவாள் என்று.

நீ நினைத்தது சரி. போட்டுவிட்டேன். இதுவரை எழுதி வைத்துவிட்டு எழும்பி, லுஹர் தொழுதுவிட்டு வந்து, வகுப்பில் எழுதுகிற அதே எழுத்தில், என் பெயரைத் தெளிவாக எழுதினேன். ஆனால் உறுதிப்படுத்துகிறேன் என்றால் நான் கண்டதைத்தான் உறுதிப்படுத்த முடியும். அதனால் பெயருக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: முன்சோதனை, நோன்பு விடுமுறை முடிந்து பாடசாலை திறந்த முதல் நாளில், வகுப்பாசிரியர் வேண்டாம் என்று கூறியும் நடத்தப்பட்டது. அவ்வளவுதான். உன்னைப் பற்றி வேறு ஒரு சொல் இல்லை. இந்த வரியைப் பார்த்து மெடம் உன்னிடம் கேட்கலாம், திரும்பச் செய் என்று சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். நீ அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்றை அச்சடித்து, என் கையொப்பத்தை நீயே போட்டும் கொடுக்கலாம். என் எழுத்து உனக்கு நன்றாக வரும், அதைப் பார்த்துத்தானே எழுதப் பழகினாய். அப்படிச் செய்தால் உன் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும், ஆனாலும் நான் யாரிடமும் போய்ச் சொல்லமாட்டேன். உன் வாப்பாவிடம்கூடச் சொல்லமாட்டேன்.

தாளை உறையில் போட்டு ஒட்டி வாப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அவருக்குப் பெரிய சந்தோஷம். "நான் சென்னேனே, தாய் மனசு" என்றுகூடச் சொன்னார். கலியாணத்தன்று நான் வருவேன். விருந்தில் சஹன் தட்டுகளுக்கு முன்னால் நின்று ஆட்களைக் கவனிப்பேன், கேட்பவர்களுக்கெல்லாம் என் மகன் பட்டதாரி ஆசிரியர் என்று சொல்லுவேன், வாய் நிறையச் சிரிப்பேன். மருதமுனைக்கு என் மகனை அனுப்பினேனா, என் பெயரைத் திருடிய ஒருவனை அனுப்பினேனா என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

உம்மா